இடம் காத்தவள்

"இங்க ஆளு கீது."

என் அக்காவை நினைக்கும்போது அவள் முகத்துக்கு முன்னால் இந்தக் குரல்தான் வந்து சேர்கிறது. சென்ற மாசியில் அவள் போனாள். அதன் பிறகு பல பிற்பகல்களில், மாத்தூரில் என் வீட்டில் கண் அயரும் வேளையில், தெருவின் ஏதோ ஒரு வளைவிலிருந்து அது கேட்கிறது. கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை; உள்ளதை உள்ளபடி அறிவிக்கும் குரல். விழித்துச் சன்னலைத் திறந்தால் மணலிப் பக்கத்து ஆலைக் கோபுரத்தின் நெருப்பு, பகல் வெளிச்சத்தில் நிறம் இழந்து, காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். வேறொன்றும் இருக்காது.

காலடிப்பேட்டையில் அவள் குடியிருந்த தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவதற்கு வெகுநேரம் முன்பே குடங்கள் வந்துவிடும். மஞ்சளும் பச்சையும் நீலமுமாக அவை வரிசையில் நிற்கும். அவற்றுக்கு உரியவர்கள் சமையலிலோ, பிள்ளைக்குத் தலை வாருவதிலோ, உறக்கத்திலோ இருப்பார்கள். அந்தத் தெருவின் ஒழுங்கில் குடம் என்பது ஆள். குடம் இல்லாதவர் ஒரு செங்கல்லை வைத்தால் அதுவும் ஆள். அக்கா இந்த ஒழுங்கை இன்னும் ஒரு படி கொண்டுபோனாள். எதையுமே வைக்காமல், "யக்கா, பாத்துக்கோ, தோ வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவருக்கும் அவளிடம் இடம் உண்டு. இரண்டு குடங்களுக்கு நடுவே ஒரு குடத்தின் அகலத்துக்கு வெறும் தரையை விட்டு, அதன் பக்கத்தில் நின்றுகொள்வாள். யாராவது அந்தத் தரையில் கால் வைத்தால் அந்த மூன்று சொற்கள் வரும்.

ஒருமுறை வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். முதல் பந்தி. அக்காவின் பக்கத்து இலையில் இருந்த பெண், குழந்தை அழுகிறது என்று எழுந்துபோனாள். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையான ஒருவர், பட்டு வேட்டியும் வியர்வையுமாக வந்து அந்த இலையில் அமர்ந்துவிட்டார்.

"எழுந்துரு நைனா. இங்க ஆளு கீது."

"யம்மா, சோறு ஆறிகினு கீது. அந்தம்மா அடுத்த பந்தில துன்னட்டும்."

"அது ஆளு இருக்கிற எல."

"ஆளு எங்க கீது? காட்டு பாக்கலாம்."

"நீ எழுந்தா வரும். நீ குந்திகினு இருந்தா எப்டி வரும்?"

அவர் எழுந்தார். பந்தி முழுவதும் சிரித்தது, அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பெண் குழந்தையோடு திரும்பி வந்து அமரும் வரையில் தன் இலையிலும் கை வைக்கவில்லை.

நான் சட்டக் கல்லூரியில் சாட்சியச் சட்டம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எது மெய்ப்பிக்கப்பட்டது, எது மெய்ப்பிக்கப்படவில்லை, எதை மெய்ப்பிக்காமலே அப்படி என்று கொள்ளலாம் என்பதை இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் என் வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. அவள் என்னை 'வக்கீலு' என்றே அழைப்பாள். நான் ஒருநாளும் நீதிமன்றத்தில் வாதாடியவன் அல்ல என்று சொல்வேன். "அதான் இங்க வந்து வாதாடிகினு கீறியே" என்பாள்.

அவள் கணவர், என் மாமா, டிரெய்லர் லாரி ஓட்டினார். துறைமுகத்துக்குள் போகவேண்டிய கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒரு பக்கம் கடலும், கரையைக் காக்கக் கொட்டிய கருங்கற்களும். மறுபக்கம் சுவர்களும் புகைபோக்கிகளும். நடுவில், நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத ஒரு நீண்ட இரும்பு ஊர். பொழுது போய் மறுபொழுதும் வரும், வரிசை அசைந்திருக்காது. ஓட்டுநர்கள் அதிலேயே குளித்தார்கள், சமைத்தார்கள், சீட்டாடினார்கள். அக்கா அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையோடு நடந்து போவாள். உப்புக் காற்றில் எல்லா லாரிகளும் ஒரே துரு நிறமாகத் தெரியும். பக்கக் கண்ணாடியில் தான் கட்டிவிட்ட பச்சைத் துணி ஆடுகிறதா என்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே போவாள். சில முறை நானும் உடன் போயிருக்கிறேன். மாமா மேலிருந்து கையை நீட்டிப் பாத்திரத்தை வாங்குவார். "நீ சாப்ட்டியா?" என்பார். அவள் "உம்" என்பாள். அது பொய் என்பது இருவருக்கும் தெரியும். முதல் கவளத்தை அவர் அவளிடம்தான் நீட்டுவார்.

அந்த வரிசைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டுநர் ஒருவர் இறங்கிப் போக நேர்ந்தால், பின்னால் நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போவார். சாவி வண்டியிலேயே இருக்கும். வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவர் ஏறி, அந்த வண்டியையும் முன்னே நகர்த்திவிட்டுத் தம் வண்டிக்குத் திரும்புவார். போனவருடைய இடம் போகக் கூடாது.

ஒருநாள் முற்பகலில், கடலின் மேல் பனி வெண்புகை போலக் கிடந்த நேரத்தில், மாமா வண்டியிலிருந்து இறங்கினார். "பாத்துக்கோ மாமு, தோ வந்துர்றேன்" என்று பின்வண்டிக்காரரிடம் சொன்னார். கருங்கற்களின் பக்கமாக நடந்தார். வரிசை நகர்ந்தது. அவர் வண்டியை ஒருவர் நகர்த்தினார். அடுத்த முறை வேறொருவர். இப்படி ஆள் மாற்றி ஆள், ஓட்டுநர் இல்லாத அந்த லாரி தன் இடத்தைச் சற்றும் விட்டுக்கொடுக்காமல், பச்சைத் துணி ஆட ஆட, துறைமுக வாசல் வரை போய்ச் சேர்ந்தது. அனுமதிச் சீட்டைக் காட்டும்படி அங்கே ஓட்டுநரைக் கேட்டபோதுதான் அவர் இல்லை என்பது தெரியவந்தது. அதற்குள் மறுநாள் விடிந்திருந்தது.

கற்களின் இடுக்கிலும் கடலிலும் தேடினார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்று சிலர் சொன்னார்கள். வேறு ஊரில் வேறு குடும்பம் என்று சிலர் சொன்னார்கள். அக்கா இரண்டையும் ஒரே முகத்தோடு கேட்டாள். "சொல்லிட்டுத்தானே போயிகீறாரு. சொல்லாம போலயே" என்றாள்.

அவரைப் பற்றி அவள் இறந்தகாலத்தில் பேசிக் கேட்டதில்லை. "அவருக்குக் கத்திரிக்கா ஆவாது" என்பாள். "அவரு தலவாணி இல்லாமதான் படுப்பாரு" என்பாள். காத்திருப்பவர்களுக்கு உரிய பரபரப்பு அவளிடம் இல்லை. வாசலை வாசலை எட்டிப் பார்க்கும் பழக்கமும் இல்லை. பக்கத்து அறைக்குப் போயிருப்பவரைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கும், பேச்சின் நடுவே, அப்படி ஓர் அறை அந்த ஒற்றை அறை வீட்டில் எங்கோ இருப்பதாகத் தோன்றிவிடும்.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. இட்லி மாவு அரைத்து விற்றாள். கை தளர்ந்தபோது அரசு உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம் என்று நான் சொன்னேன். அலுவலகத்தில் இரண்டு வழிகளைக் காட்டினார்கள். கணவனால் கைவிடப்பட்டவள் என்று விண்ணப்பிக்கலாம். அல்லது, பல ஆண்டுகள் தகவலே இல்லாதவர் இறந்திருப்பார் என்று கொள்ளச் சட்டம் இடம் தருவதால், நீதிமன்றத்தில் அதற்கான ஆணையைப் பெற்று, விதவை என்று விண்ணப்பிக்கலாம். இரண்டையும் அவளுக்கு விளக்கினேன்.

"செத்துட்டாருன்னு சட்டம் சொல்லுதா?"

"சொல்லலக்கா. அப்படி வெச்சுக்கலாம்னு சொல்லுது."

"வெச்சுக்கட்டும். அதுக்கு வேற வேல இல்ல."

எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள்: "உட்டுட்டுப் போய்ட்டாருன்னு எழுதினா அது அவரு மேல பழி. செத்துட்டாருன்னு எழுதினா அது நான் சொல்ற பொய்யி. எம் பொய்யி எங்கிட்டயே இருக்கட்டும். அதையே எழுது வக்கீலு."

நீதிமன்ற ஆணையைப் பெற்று அப்படியே எழுதினோம். மாதந்தோறும் தொகை வந்தது. அதை வாங்கிவரும் நாளில் மட்டும் அவள் நெற்றிக் குங்குமத்தைச் சற்றுப் பெரிதாக வைத்துக்கொள்வாள்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு காலை அவளே என்னைக் கைப்பேசியில் அழைத்து, "ஜல்தி வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். பயந்துகொண்டு போனேன். வாசல் கழுவிக் கோலமிட்டிருந்தது. உள்ளே நெத்திலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தில், மாவு விற்ற காலத்திலும் நான் காணாத ஒரு தெளிச்சி.

"கவர்மெண்டே சொல்லிட்டாங்கடா."

"என்ன சொன்னாங்க?"

"அவரு கீறாராம்."

கைப்பேசியை நீட்டினாள். கோபுர முத்திரை பதித்த ஒரு தாளின் படம் வந்திருந்தது. கணவர் உயிருடன் இருப்பது பதிவுகளில் தெரியவந்துள்ளது. ஆகவே விதவை உதவித்தொகையாக இதுவரை பெற்றது முழுவதையும் ஒரு வாரத்துக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும். தவறினால் வழக்கும் கைதும். முத்திரை மங்கிக் கிடந்தது. பதவியின் பெயர் இருந்தது, கையொப்பம் இல்லை. பணம் போய்ச் சேரவேண்டியது ஒரு தனியாளின் கைப்பேசி எண்ணுக்கு. நான் இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வளையல வித்துர்லாம்னு கீறேன். அந்தத் துட்டு நம்புள்து இல்லடா. அன்னிக்கே பொய்யின்னு சொன்னேன்ல? திருப்பிக் குடுத்துட்டா நேராய்டும்."

அந்த இரண்டு வளையல்களைத் தவிர அவளிடம் பொன் என்று எதுவும் இல்லை. நோய் வந்தால் அவைதாம்.

"அக்கா, இது ஏமாத்து வேலை மாதிரி தெரியுது. கொஞ்சம் பொறு."

நான் சொல்லி முடிக்குமுன் கைப்பேசி ஒலித்தது. அவள் எல்லாருக்கும் கேட்கும்படி அதை வைத்தாள். இளைஞனின் குரல், பணிவாக இருந்தது.

"வணக்கம்மா. உதவித்தொகைப் பிரிவுல இருந்து பேசறோம். பணம் ரெடி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிகினு கீறேன் நைனா. அவரு சாப்ட்டாரா?"

மறுமுனையில் ஒரு தடுமாற்றம். "யாரும்மா?"

"அவருதான். கீறாருன்னியே."

"அம்மா, நாங்க பணம் கட்டற விஷயமா..."

"கட்டிர்றேன்பா, அதுக்கு இன்னா. எந்த ஊர்ல கீறாரு, அத்த சொல்லு."

குரல் நின்றது. ஒருவன் யோசிக்கும் ஓசையை அந்த மௌனத்தில் நான் கேட்டேன். "அதெல்லாம் ரகசியம்மா. பணம் வந்ததும் விலாசம் அனுப்புவோம்."

நான் கைப்பேசியை வாங்கி, எந்த அலுவலகம், என்ன பதவி என்று கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"ஏன்டா அவன மெரட்ற? விலாசம் தரேன்னான் இல்ல?" என்றாள் அக்கா.

வேறு எவரையும் அச்சுறுத்தக்கூடிய அந்தக் கடிதம் அவளை அச்சுறுத்தவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கைது என்ற சொல்லை அவள் படித்ததாகவே தெரியவில்லை. வளையல்களை அவள் கொடுக்கத் துணிந்தது அபராதமாக அல்ல, ஒரு விலாசத்துக்காக.

எங்கள் பேச்சைக் கேட்டு எதிர்வீட்டுப் பெண் உள்ளே வந்தாள். கருவாடு விற்பவள், அவளும் கணவனை இழந்து உதவித்தொகை பெறுபவள்.

"இந்தக் கஸ்மாலம் எனுக்கும் வந்துச்சு சாரே. எம் புருசன் உசுரோட கீறானாம். எம் புள்ள கையால கொள்ளி வெச்சோம், ஊரே வந்து சோறு துன்னுட்டுப் போச்சு. 'கீறான்னா ஒடனே அனுப்பி வைடா, தண்ணி லாரி பின்னால ஓட வூட்ல ஆளு இல்ல'ன்னேன். கட் பண்ட்டான்."

சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அறுந்தது. "யக்கா, உன்ன சொல்லல."

"கம்முனு போடி. உனுக்கு வந்தது பொய்யி. எனுக்கு வந்தது வேற."

விசாரித்துவிட்டு வரும்வரை வளையல்களை விற்பதில்லை என்று அவளிடம் வாக்குப் பெற்றுக்கொண்டு, மறுநாள் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். பொறுப்பிலிருந்த பெண் படத்தை முழுவதும் பார்க்கக்கூட இல்லை.

"இதுவா சார்? இந்த மாசத்துல எத்தனையோ பேர் கொண்டுவந்துட்டாங்க. விதவைன்னா புருஷன் உயிரோட இருக்காருன்னு அனுப்புவான். முதியோர்னா உங்க பேர்ல சொத்து இருக்குன்னு அனுப்புவான். எல்லாருக்கும் ஒரே எழுத்து. பயந்துபோய் கட்டிடறாங்க. நாங்க கேக்கறதா இருந்தா தபால்ல நோட்டீஸ் வரும், நேர்ல கூப்பிட்டு விசாரிப்போம். போன்ல பணம் கேக்கவே மாட்டோம். சைபர் போலீஸ்ல புகார் குடுத்துடுங்க."

அக்காவின் பதிவைத் திறந்து பார்த்து, தொகை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது, திருப்பிச் செலுத்த எதுவும் இல்லை என்றும் சொன்னாள். நன்றி சொல்லி எழுந்தேன். கதவருகே போனவன் திரும்பி வந்தேன்.

"அவ கணவரைப் பத்தி உங்க பதிவுல புதுசா எதாவது..."

"எதைப் பத்தி சார்?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

புகாரைப் பதிந்துவிட்டு எண்ணூர் சாலை வழியாகச் சிறிது தூரம் நடந்தேன். வெயில் இருந்தும் கடல் மங்கலாகவே இருந்தது. டிரெய்லர்கள் நின்றுகொண்டிருந்தன. அவற்றின் பக்கத்தில் நடக்கும்போது, ஒவ்வொன்றின் உயரத்திலும் ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. நிமிர்ந்து பார்க்காமல் நடந்தேன்.

அக்கா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள்.

"அல்லாருக்கும் இதே எழுத்துதானா?"

"ஆமாக்கா."

முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியும்டா. சாப்ட்டாரான்னு கேட்டா, 'யாரும்மா'ன்னான் பாரு, அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா வளையலைக் குடுக்க நின்னே?"

"இத்தினி வருசத்துல அவரு கீறாருன்னு எங்கிட்ட வந்து சொன்ன மொத ஆளு அவன்தான். போலீசு சொன்னானா? கோர்ட்டு சொல்லுச்சா? நீ சொன்னியா? காச புடுங்க வந்தவன் வாயிலயாவது அந்தச் சொல்லு வந்துச்சே."

தெருமுனையில் ஏதோ ஒரு லாரி பின்னோக்கி நகரும் மணியோசை விட்டுவிட்டுக் கேட்டது. அது நின்றதும் முறத்தை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள்.

"அந்த விதவைத் துட்டு இனிமே வாணாம்" என்றாள் பிறகு. "ஒரு நாளு கீறாருன்னு நெனச்சு கோலம் போட்டுட்டேன். இனிமே அந்த ஆபீசுல போயி செத்துட்டாருன்னு நிக்க என்னால ஆவாது."

அந்தத் தொகை இல்லாவிட்டால் வாடகை இல்லை. என் பணத்தை அவள் வாங்கமாட்டாள். பல முறை முயன்றிருக்கிறேன். அன்று மாலை வரை அவளோடு வாதாடினேன். அவள் அரிசியிலேயே கண்ணாக இருந்தாள். அலுவலகப் பெண் போகிறபோக்கில் சொன்ன 'முதியோர்' என்ற சொல் எனக்கு நினைவு வந்தது அதற்குப் பிறகுதான்.

"உனக்கு வயசாயிடுச்சுக்கா."

"அத்த சொல்லத்தான் அம்மாம் படிச்சியா?"

"வயசானவங்களுக்குன்னு தனியா ஒரு உதவித்தொகை இருக்கு. அதுல மாமாவைப் பத்தி நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவா?"

மறு வாரம் அவளை அழைத்துக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "தொகை ஒண்ணுதாம்மா. எதுக்கு மாத்தணும்? வீண் அலைச்சல்."

"தொகைக்கு இல்லமா. கெழவின்னு எழுதிக்கோ. அது மெய்யி."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். மனுவை விதிப்படி ஏற்கலாம் அல்லவா என்று கேட்டேன். ஏற்கலாம் என்றாள். அக்கா கையெழுத்திட்டாள்; எழுத்துக் கூட்டி, அவசரமில்லாமல்.

வெளியே வந்து ஒரு வண்டிக் கடையில் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தவள் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அந்தப் புள்ள மறுபடியும் போன் பண்ணுவானா?"

"பண்ணுவான். நீ எடுக்காதே."

"எடுத்தா இன்னா சொல்றதுன்னு ரோசன பண்ணிகினு கீறேன். 'அவரு வெளிய போயிகீறாரு நைனா, வந்ததும் பேசச் சொல்றேன்'னு சொல்லிட்டா, அத்தோட வெச்சுருவான்ல?"

"வெச்சுருவான்" என்றேன்.

அந்த எண்ணிலிருந்து இனி எந்த அழைப்பும் வராதபடி அவள் கைப்பேசியில் அவன் பேசிய அன்றே நான் தடுத்துவைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை; கடைசி வரை சொல்லவில்லை. அதன் பிறகு வந்த மாதங்களில் நான் அவளை அழைக்கும்போதெல்லாம், மறுமுனையில் முதலில் ஒரு செருமல் கேட்கும். ஏதோ சொல்வதற்குக் குரலைச் சரிசெய்துகொள்வது போல. பிறகு, மிகத் தெளிவாக, "அல்லோ" என்பாள். நான்தான் என்று தெரிந்ததும் அந்தக் குரல் சற்றே இறங்கும்.